விவிலியத்தில் இறைவன் தன்னை வெளிப்படுத்தும் முறை

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களுக்கு விவிலியம் அயலார் நூலாயினும் அறியா நூலன்று. 1850 ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேறிய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிற் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அவ்வுழைப்பினால் அவர் பெற்ற விவிலியப் பயிற்சி நான்கு ஆண்டுகளின் பின் வேறொரு வகையிற் பயன்பட்டது. 1854 இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழித்தார்க்கு விடையிறுக்கப் புகுந்த நாவலர், பழைய ஏற்பாட்டில் இறைவனே விதித்தனவாகக் கூறப்படும் வழிபாட்டு முறைகளை எடுத்துக்காட்டினார். கிரியை வழிபாடு ஆங்கு இறைவன் ஆணையாயின், ஈங்கு மட்டும் இழிவாவது எவ்வாறு என்பதே அவ்வாதத்தின் உயிர்நிலை.

இவ்வினாவுக்கு எளிதிற் சொல்லத்தக்க விடையொன்றுண்டு. இறைவன் தன்னைப் படிப்படியாக வெளிப்படுத்தினான். கிரியை முந்திய படிக்குரியது. பிந்திய படி தோன்றவே முந்தியது ஒழிந்தது என்பதே அவ்விடை. இவ்வாறு கொள்ளின், படிமுறை வெளிப்பாடு என்னுங் கொள்கை சைவருக்கெதிராக மட்டுமன்றி யூதருக்கெதிராகவும் ஒரு படைக்கலம் ஆகிவிடும். வரலாற்றில் அவ்வாறு ஆகியும் உள்ளது. ஆதலின், இக்கொள்கையை விவிலியம் தானே கூறுகின்றதா, கூறின் எப்பொருளிற் கூறுகின்றது என ஆராய்வது பயனுடைத்து. அந்நூலை நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் பொதுவாய ஓர் இலக்கிய விசாரணையாகவே இதனை மேற்கொள்வோம்.

முதலில், படிமுறை என்பதற்கு நூலினுள்ளேயே சான்றுண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். விவிலியம் ஒருவர் ஒரு காலத்தில் எழுதிய நூலன்று. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக் காலப் பரப்பில் உருவாகிய பல நூல்களின் தொகுதி. அந்நூல்களை ஒப்புநோக்குவார் இறைவனைப்பற்றிய கருத்து ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு மாறுவதைத் தெளிவாகக் காண்பர். தாவீது அரசன் குடிமதிப்பு எடுத்த கதை இதற்கு நல்ல உதாரணம். அரசனை அத்தவற்றுக்குத் தூண்டியவன் சினங்கொண்ட இறைவனே என்று சாமுவேலின் இரண்டாம் நூல் கூறும். அதே கதையைப் பிற்காலத்தில் எழுதிய நாளாகம ஆசிரியர், தூண்டியவன் சாத்தான் என்பர். தீமையை இறைவன்மேல் ஏற்றிச்சொல்ல முன்னையோர் கூசிற்றிலர், பின்னையோர் கூசினர். இவ்வாறே, தந்தையர் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்று யாத்திராகமம் கூற, பெற்றோர் பிழைக்குப் பிள்ளைகள் துன்புறுவர் எனப் பொருள்படும் பழமொழியை இனி வழங்கலாகாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி மறுத்துரைப்பர்.

புதைபொருளாய்வும் இதற்குத் துணைசெய்கின்றது. 1868 இல், இன்றைய யோர்தான் நாட்டிலுள்ள தீபான் என்னும் இடத்திற் கண்டெடுக்கப்பட்ட மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டினது. தன் தெய்வமாகிய கேமோஷ் தன் நாட்டின்மீது சினந்தமையாற் பகைவர் தம்மை ஒடுக்கினர் என்றும், பின் அத்தெய்வத்தின் ஏவலாற் பகைவர் ஊரைக் கைப்பற்றி மக்களையெல்லாம் கொன்று அதற்கே அர்ப்பணித்ததாகவும் அவ்வரசன் அதிற் பொறித்துள்ளான். யோசுவாவின் நூலிற் காணும் போர்ச் சமயம் இஸ்ரவேலருக்கே சிறப்பாக அருளப்பட்ட மறைபொருளன்று. அயலாரும் பேசிய அக்காலத்துப் பொதுமொழியே அது என்பது இதனாற் புலனாகும். இன்னும், 1947 முதலாகக் கும்றான் பகுதிக் குகைகளிற் கிடைத்த ஏடுகளுள் உபாகமத்தின் சிதைவு ஒன்றுளது. உன்னதமானவர் சாதிகளைத் தேவபுத்திரரின் தொகைப்படி பகுத்தனர் எனும் பாடம் அதிற் காணப்படுகின்றது. வழக்கிலுள்ள எபிரேய மூலமோ தேவபுத்திரர் என்பதற்கு ஈடாக இஸ்ரவேல் புத்திரர் என்று கொண்டுள்ளது. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தெய்வம் என்ற பழைய எண்ணத்தின் சுவடு பிற்காலத்தாருக்கு இடறலாகவே, பாடம் மாற்றப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

இச்சான்றுகளைக்கொண்டு ஓர் ஏணியை நிறுத்துதல் எளிது. ஜெர்மானிய அறிஞர் லெசிங் 1780 இல் வெளியிட்ட ‘மனித குலத்தின் கல்வி’ என்னும் நூலில் அதனையே செய்தார். இறைவன் ஆசிரியன், மனித குலம் மாணாக்கன், பழைய ஏற்பாடு பாலபாடம், புதிய ஏற்பாடு அடுத்த வகுப்புக்குரிய பாடநூல் என்பது அவர் கருத்து. வெல்ஹவுசன் 1878 இல் எழுதிய இஸ்ரவேல் வரலாற்று ஆராய்ச்சி, பழைய ஏற்பாட்டின் பகுதிகளைக் காலவரிசைப்படுத்தி, அச்சமயத்தின் வளர்ச்சிக்கு ஒரு சரித்திரச் சட்டகம் அமைத்தது. அவர் வகுத்த காலவரிசை பிற்காலத்திற் பலவாறு திருத்தப்பட்டதாயினும், நூலின் பகுதிகள் வெவ்வேறு காலத்தன என்ற அடிப்படை நிலைபெற்றுவிட்டது. ஆனால், காலவரிசை உண்டென்பதனாற் பிந்தியது யாவும் உயர்ந்தது என்பது பெறப்படுமா? இங்கேதான் ஏணிக் கொள்கை தடுமாறுகின்றது.

ஆதியாகமத்தின் பதினாறாம் அதிகாரத்தை நோக்குக. ஆகார் என்பவள் எகிப்திய நாட்டு அடிமைப்பெண். தன் தலைவியின் கொடுமை பொறாது பாலைவனத்துக்கு ஓடியவள். நீரூற்றருகே தன்னை விளித்த இறைவனுக்கு, தன்னைக் காண்பவன் எனப் பொருள்படும் ஒரு பெயரை அவள் இடுகின்றாள். விவிலியத்தில் இறைவனுக்குப் பெயரிட்டவராக முதலிற் கூறப்படுபவர் குலமுதல்வரல்லர், குருவுமல்லர், பிறநாட்டு அடிமைப்பெண்ணொருத்தி. ஏணியின் அடிப்படியில் நிற்கவேண்டிய இக்கதையிற் காணும் இறைவன், ஒடுக்கப்பட்டோரை நோக்கும் கண்ணுடையவனாக விளங்குகின்றான்.

மறுபுறம், கி.மு. எட்டாம் நூற்றாண்டினராகிய ஆமோஸ், இஸ்ரவேலரை எகிப்தினின்று மீட்ட இறைவனே பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் பழைய இடங்களினின்று கொணர்ந்தான் என்றார். தம் பகைவருக்கும் ஒரு மீட்பு வரலாறு உண்டென்று கூறும் இவ்விரிந்த நோக்குக்குப் பல தலைமுறை கழித்து, எஸ்றாவின் காலத்தில், பிறசாதி மனைவியரையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் விலக்கிவிடும்படி வற்புறுத்தப்பட்டது. இங்கே பிந்தியது குறுகியது, முந்தியது பரந்தது. ஆயினும், விவிலியம் எஸ்றாவின் நூலைத் தள்ளிவிடவில்லை. மோவாபியப் பெண்ணாகிய ரூத்தைத் தாவீது அரசனின் முப்பாட்டியாகப் போற்றும் நூலையும் அதனோடு ஒருங்கே வைத்துள்ளது. ஏணியில் இவற்றுக்கு இடம் காணல் அரிது.

அங்ஙனமாயின், விவிலியத்தில் இறைவெளிப்பாட்டை இயக்கும் விதி யாது? பெயர் பற்றிய கதைகளில் அதற்கு விடை கிடைக்கின்றது. யாக்கோபு இரவு முழுதும் இனந்தெரியாத ஒருவருடன் மற்போர் செய்து, விடியற்காலையில் அவர் பெயரை வினவுகின்றான். பெயர் கூறப்படவில்லை, ஆசி கிடைக்கின்றது, தொடையில் ஓர் ஊனமும் எஞ்சுகின்றது. பின்னர் மோசே எரியும் முட்செடியின் முன் நின்று அதே வினாவை எழுப்பும்போது விடை வருகின்றது. அவ்விடை எபிரேய மொழியில் ‘இரு’ என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. அவ்வினைவடிவம் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவானது. தமிழில் நெடுங்காலம் வழங்கிவரும் மொழிபெயர்ப்பு நிகழ்காலத்தைக் கொண்டது. அதனால் அப்பெயர் என்றுமுள பொருள் என்ற தத்துவ நிறத்தைப் பெற்றது. ஆனால், சற்று முன்னர், மோசேயின் அச்சத்தை நீக்குதற்கு அவனுடன் தான் இருப்பதாக இறைவன் வாக்களிக்குமிடத்திலும் அதே வினைவடிவமே வந்துள்ளது. ஆண்டு அது எதிர்காலப் பொருளது என்பதில் ஐயமில்லை. அதனோடு சேர்த்துப் படிப்பின், இப்பெயர் ஓர் இலக்கணமாகாது ஒரு வாக்குறுதியாகும். தான் யார் என்பதை உடன்வந்து காண்க என்று கூறும் பெயர் அது.

இதனை ஏற்பின், வெளிப்பாடு படிப்படியாக நிகழ்வதன் காரணம் தெளிவாகும். எதிர்காலத்திலமைந்த பெயரை ஒரே நாளில் அறிந்து முடித்தல் இயலாது. அது மாணாக்கனின் அறியாமை காரணமாக மட்டும் நேர்ந்த தாமதமன்று. லெசிங்கின் ஆசிரியன் தன்னிடம் முற்றாக உள்ளதைச் சிறிது சிறிதாகக் கொடுப்பவன். மோசேயின் இறைவன் வழியில் உடன் நடப்பவன், நடக்குமளவே அறியப்படுபவன்.

அவ்வழியில் ஒவ்வொரு புதிய அறிவும் முன்னர்க் கொண்டிருந்த ஒரு படிமம் உடைந்த இடத்திற் பிறப்பதைக் காணலாம். சீனாய் மலையில் இடியும் தீயும் புகையுமாக இறைவன் இறங்கினான். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் வானத்துத் தீயை இறக்கி வென்றார். ஆனால், அவ்வெற்றி நிலைக்கவில்லை. மறு அதிகாரத்தில் அரசியின் வாளுக்கு அஞ்சி, சாவை விரும்பி, ஓரேபு மலைக்கு ஓடுகின்றார். ஓரேபு என்பது சீனாயின் மறுபெயர். பழைய இடத்திற் பழைய அடையாளங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன: பெருங்காற்று, நில அதிர்ச்சி, தீ. அவற்றுள் எதனிலும் இறைவன் இல்லை என்று நூல் மும்முறை கூறி, இறுதியில் மெல்லியதொரு மௌன ஒலியைக் குறிப்பிடுகின்றது. முதல்நாள் வெற்றியளித்த தீயிலேயே இறைவனைத் தேடுபவனுக்கு அது வெறுந் தீயாக நிற்கின்றது.

இதனினும் பெரிய உடைவு பாபிலோனியச் சிறைவாசம். கி.மு. 597 இல் எருசலேமினின்று சிறைகொண்டு செல்லப்பட்டோருள் எசேக்கியேல் ஒருவர். இறைவன் எருசலேம் ஆலயத்தில் உறைபவன் என்பது அம்மக்களின் உறுதி. ஆலயத்தைவிட்டு நூற்றுக்கணக்கான மைல்களுக்கப்பால், கேபார் ஆற்றங்கரையில், அந்தத் தீர்க்கதரிசி காண்பது சக்கரங்கள் பொருந்திய ஓர் அரியணை. நாற்றிசையும் செல்லவல்ல அவ்வரியணையின் கருத்து வெளிப்படை. நாடிழந்தோரை இறைவன் இழக்கவில்லை. அவர்கள் சென்றவிடத்துக்கு அவனும் வந்துள்ளான். சில ஆண்டுகளில் ஆலயமே தீக்கிரையானபோது அச்சமயம் அழியாது நின்றமைக்கு இத்தகைய காட்சிகள் காரணமாயின. ஏசாயா நூலின் நாற்பதாம் அதிகாரம் முதலான பகுதியைப் பாடிய பெயரறியாத் தீர்க்கதரிசி இன்னும் ஓரடி சென்றார். பாபிலோனைக் கி.மு. 539 இற் கைப்பற்றிய பாரசீக மன்னன் கோரேசை இறைவனால் அபிடேகம் பெற்றவன் என்றே அவர் அழைத்தார். அம்மன்னன் இறைவனை அறியாதவன் என்பதையும் உடன் கூறினார். தன்னை அறியாதார் வழியாகவும் இறைவன் செயற்படுவான் என்னும் இவ்வறிவு, நாடும் அரசும் ஆலயமும் கையிலிருந்த காலத்திற் பிறக்கவில்லை.

புதிய ஏற்பாட்டிற் புகும்போது இம்முறை மாறிவிடுகின்றதா? கிறித்தவர்க்கு இயேசுவே இறைவெளிப்பாட்டின் நிறைவு. ஆயினும், அந்நிறைவும் உடனே காணப்படுவதொன்றாக மாற்கு சுவிசேடம் வரையவில்லை. எட்டாம் அதிகாரத்தில், பெத்சாயிதாவிற் குருடனொருவனுக்குப் பார்வை இருமுறையிற் கிடைக்கின்றது. முதன்முறை கை வைத்தபின் மனிதர் அவனுக்கு நடமாடும் மரங்களெனத் தோன்றுகின்றனர். இரண்டாம் முறையே தெளிவு வருகின்றது. இயேசுவின் ஆற்றல் குறைந்ததென்று தோன்றச்செய்யக்கூடிய இக்கதையை மத்தேயுவும் லூக்காவும் எடுத்தாளவில்லை. மாற்கு இதனை வைத்த இடமே இதற்கு உரையாகும். அடுத்துப் பேதுரு, இயேசுவைக் கிறிஸ்துவென்று அறிக்கையிடுகின்றார். அதனையடுத்து, கிறிஸ்து பாடுபட்டு இறத்தல் வேண்டும் என்பதை ஏற்காது கடிந்துகொள்ளப்படுகின்றார். அவருக்குக் கிடைத்தது முதன்முறைப் பார்வை மட்டுமே. வெற்றிவேந்தனாகிய கிறிஸ்து என்ற படிமம் உடையுமட்டும் இரண்டாம் பார்வை வரவில்லை. இச்சுவிசேடத்தின் இறுதியில், சிலுவையில் மாண்டவனைத் தேவகுமாரன் என்று கூறுபவன் சீடனல்லன்; கொலைத்தண்டனையை நடத்திய உரோம நூற்றுவர்தலைவன்.

இனி, பிந்தியது முந்தியதை ஒழிக்கின்றதா என்னும் வினாவுக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் ஆம் என்றார். பழைய ஏற்பாட்டின் தெய்வம் வேறு, இயேசு வெளிப்படுத்திய தெய்வம் வேறு என்று வகுத்துப் பழைய ஏற்பாட்டை அறவே தள்ளினார். உரோமத் திருச்சபை அவரைத் தள்ளியது. ஏணிக் கொள்கையை முடிவுவரை கொண்டுசெல்வோர் மார்சியனிடத்திலேயே சென்று சேர்தல் வேண்டும். அஃதன்றி, அவ்வேணி அவர்க்கும் துணையாகாது. லெசிங், புதிய ஏற்பாட்டையும் ஒருநாட் கடந்துசெல்லப்படும் பாடநூலாகவே கருதினார். முந்தியோர் படியை உதைப்பவர் தாம் நிற்கும் படியும் உதைபடுதற்கு வழிசெய்கின்றனர். பவுல் அடிகள் இதனை உணர்ந்திருந்தார் போலும். உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், இஸ்ரவேலருக்கு இறைவன் அளித்த கொடையும் அழைப்பும் மீளப்பெறப்படுவன அல்ல என்று வற்புறுத்திப் பிறசாதிக் கிறித்தவரின் இறுமாப்பைக் கண்டித்தார்.

விவிலியத்தைத் தொகுத்தோரின் செயலும் இதனையே உணர்த்தும். நாளாகமம் எழுந்தபின் சாமுவேலின் நூல் கைவிடப்படவில்லை. எசேக்கியேல் மறுத்தபின் யாத்திராகமம் திருத்தப்படவில்லை. உபாகமத்தின் ஒரு சொல் மாற்றப்பட்டது போன்ற நிகழ்ச்சிகள் உளவெனினும், பெரும்பான்மையும் பழையது புதியதன் அருகே அப்படியே விடப்பட்டுள்ளது. சாமுவேலின் முதனூல் பதினைந்தாம் அதிகாரம் இதற்குச் சிறந்த சான்று. சவுலை அரசனாக்கியமைக்கு இறைவன் மனம் வருந்தினான் என்றும், மனம் மாறி வருந்துதற்கு இறைவன் மனிதனல்லன் என்றும் அவ்வோர் அதிகாரமே கூறும். அமலேக்கியரைப் பூண்டோடழிக்கும் ஆணையும் அவ்வதிகாரத்திலேயே உள்ளது. அவ்வாணையை இன்றும் இறைவாக்கென எடுத்தாள்பவர் நூல் முழுவதையும் படியாதவர். அதனைக் கிழித்தெறிய விரும்புபவரோ, மனிதர் தம் வெறியை இறைவன் பெயரால் எவ்வளவு எளிதாக மொழிந்துவிடுவர் என்பதற்கான சான்றை இழப்பவர்.

நம் நூல்வழக்கிலுள்ள தூலாருந்ததி நியாயத்தோடு இதனை ஒப்பிடலாம். அருந்ததி காட்டுவோன் முதலில் அருகிலுள்ள பெரிய மீனைக் காட்டி, பின் அதனை அன்றென விலக்கி, நுண்ணிய மீனைக் காட்டுவான். ஏணிக் கொள்கை இந்நியாயத்துக்கு ஒக்கும், விவிலியம் ஒவ்வாது. எலியாவுக்குத் தீயில் இல்லாத இறைவன் மோசேக்குத் தீயில் இருந்தான் என்பதை அந்நூல் மறுக்கவில்லை. சைவசித்தாந்தம், இறைவன் மாறாது நிற்க, மலபரிபாகத்துக்கு ஏற்பச் சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என வேறுபடும் என்னும். பெறுவோர் தகுதிக்கேற்பப் பேறு அமையும் என்றவளவில் இரண்டும் அணுகிவரும். ஆனால், சித்தாந்தம் கூறுவது ஒவ்வோர் ஆன்மாவின் பக்குவத்தை. விவிலியம் பேசுவது ஒரு சனசமூகத்தின் வெற்றி தோல்விகளுக்கூடாக வரும் அறிவை. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனல் இரண்டுக்கும் நேர்மையாகாது.

நாவலர் எழுப்பிய வினா இவ்விடத்தில் மீண்டும் நம்முன் நிற்கின்றது. ஆலயமும் விளக்கும் தூபமும் முந்திய படிக்குரியனவாதலின் இழிந்தன என்று கூறுதற்கு விவிலியத்தின் பொதுப்போக்கு இடந்தருவதாக இல்லை. தீர்க்கதரிசிகள் கண்டித்தது நீதியின்றிச் செய்யும் வழிபாட்டை. ஆலயத்தினின்று இறைமகிமை நீங்கக் கண்ட எசேக்கியேலே தம் நூலின் இறுதியில் மற்றோர் ஆலயத்தை அளவெடுத்துக் கூறுகின்றார். அவ்வாறே, நம்முடைய படி உயர்ந்ததென்று நாமும் சொல்லிக்கொள்ளல் தகாது. அந்நூலில் இறைவனை முற்றக் கண்டோமென்று கருதினோர், பேதுருவைப்போல, அடுத்த வரியிலேயே தவறியிருக்கின்றனர். அடிமைப்பெண்ணும் பிறநாட்டு மன்னனும் உரோமப் போர்வீரனும் அவர்களுக்கு முன்னே நிற்கின்றனர். தன் சமயத்தை நன்கு கற்ற மாணாக்கன் பிறசமய நூலொன்றைக் கையிலெடுக்கும்போது அஞ்சவேண்டுவதுமில்லை, இகழவேண்டுவதுமில்லை. நாவலர் அதனை எழுத்தெழுத்தாகப் படித்தார். படித்தமையாலேயே விடைகூற வல்லரானார். அப்பொறுமையாயினும் நம்மிடத்து நிலைத்தல் வேண்டும்.